பெற்றோர் வயதும் பிள்ளைகளின் நலமும்

குழந்தை பிறந்த வீட்டிற்குச் சென்று பாருங்கள். தொட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியதாகவே இருக்கும். "மூக்கு அப்படியே தாத்தாவைக் கொண்டிருக்கிறது" என்பார் ஒருவர். "நெற்றி மட்டும் தாய்மாமனுடையது" என்பார் மற்றொருவர். குழந்தை சற்று மெலிந்து பிறந்திருந்தால், "காலங்கடந்து பெற்ற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று தாழ்ந்த குரலில் ஒரு தீர்ப்பும் எழும். பெற்றவள் மிக இளையவளாக இருந்தாலோ, "அவளே ஒரு குழந்தை, அவளுக்கு ஒரு குழந்தையா?" என்று வேறொருவர் பெருமூச்சு விடுவார்.

இப்பேச்சுகளில் உண்மை எவ்வளவு, ஊகம் எவ்வளவு? பெற்றோரின் வயது பிள்ளையின் உடல்நலத்தையும் தோற்றத்தையும் எந்த அளவிற்குத் தொடுகிறது? அறிவியல் இதுபற்றிச் சென்ற ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. அவ்வாராய்ச்சியின் முடிவுகளை அறிந்துகொள்வது நன்று. அம்முடிவுகளைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வது அதனினும் நன்று. இதனை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. ஒரு தாயிடமிருந்து கற்றேன். அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியனாக இருந்தேன். ஜூன் மாதத்தில் மாணவர் சேர்க்கைப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒரு நாள் ஓர் அம்மையார் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சிறுவனின் வட்ட முகமும், மேல்நோக்கிச் சாய்ந்த கண்களும், குட்டையான விரல்களும் டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையைக் காட்டின. நான் பாடநூலில் படித்திருந்தது உடனே நினைவிற்கு வந்தது. அறையில் வேறு பெற்றோரும் இருந்தனர். அதனையும் எண்ணாமல், "காலந்தாழ்ந்து பிறந்த பிள்ளையோ, அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை ஐயா. இவன் என் தலைப்பிள்ளை. இவன் பிறக்கும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். படித்தவர் நீங்களும் கேட்கிறீர்கள்" என்றார்.

அன்று நான் தலைகுனிந்தேன். எனக்குத் தெரிந்த செய்தி பொய்யன்று. ஆனால் அதனை நான் பொருள்கொண்ட முறை பிழையானது. எங்கே பிழை நேர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

டவுன் சிண்ட்ரோம் என்பதனை 1866ஆம் ஆண்டில் முதன்முதலாக விரிவாக எடுத்துரைத்தவர் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். முகத்தோற்றத்தை வைத்து அவர் இக்குழந்தைகளை மங்கோலிய இனத்தாரோடு ஒப்பிட்டார். இனத்திற்கும் இந்நிலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் அப்பெயர் நூறாண்டுக் காலம் மருத்துவ நூல்களில் நிலைத்து நின்றது. மங்கோலிய நாட்டினர் 1965இல் உலக நல நிறுவனத்திடம் முறையிட்ட பின்னரே அது மெல்ல மறைந்தது. தோற்றத்தைக் கண்டு காரணத்தைத் தீர்மானிப்பது எத்தகைய பிழைக்கு வழி வகுக்கும் என்பதற்கு இதுவே முதற்சான்று.

இக்குழந்தைகள் பெரும்பாலும் பெரிய குடும்பங்களின் கடைசிப் பிள்ளைகளாக இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். பல பிள்ளைகளைப் பெற்றுத் தாயின் உடல் ஓய்ந்து போவதால் இவ்வாறு நேர்கிறது என்று சிலர் கூறினர். தந்தையின் முதுமையே காரணம் என்றனர் வேறு சிலர். தாயின் வயது காரணம் என்றோரும் இருந்தனர். இம்மூவருள் யார் கூறுவது சரி? கடைசிப் பிள்ளை பிறக்கும்போது தாய்க்கும் வயது ஏறியிருக்கும், தந்தைக்கும் ஏறியிருக்கும், முன்பிறந்தாரும் பலர் இருப்பர். மூன்று மாடுகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டு ஒன்றாக நடக்கும்போது, வண்டியை இழுப்பது எது என்று எப்படிக் கண்டறிவது?

இவ்வினாவிற்கு விடை கண்டவர் லயனல் பென்ரோஸ் என்னும் ஆங்கில மருத்துவர். கோல்செஸ்டர் நகரில் மனவளர்ச்சி குன்றியோர்க்கான இல்லத்தில் பணியாற்றிய அவர், 150 குடும்பங்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 1933இல் தம் முடிவை வெளியிட்டார். அவருடைய முறையின் சாரம் எளிமையானது. தாயரின் வயது ஒன்றாகவும் தந்தையரின் வயது வேறுவேறாகவும் உள்ள குடும்பங்களை ஒப்பிட்டால், தந்தையின் வயதால் மட்டும் விளைவது எதுவெனத் தெரியும். தந்தையரின் வயது ஒன்றாக இருந்து தாயரின் வயது வேறுபடும் குடும்பங்களை ஒப்பிட்டால், தாயின் வயதால் விளைவது தெரியும். இவ்வாறு கணிதத்தின் துணைகொண்டு ஒன்றை நிலைநிறுத்தி மற்றொன்றை ஆராய்ந்தபோது, தந்தையின் வயதிற்குத் தனியே பங்கு இல்லை என்பது விளங்கிற்று. எத்தனையாவது பிள்ளை என்பதற்கும் பங்கு இல்லை. தாயின் வயதே எஞ்சி நின்றது.

காரணம் புலப்பட மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. மனிதனின் உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 48 என்றே 1955 வரை உலகம் நம்பியிருந்தது. அவை 46 என்பதைச் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்னும் இருவரும் கண்டு, 1956இல் வெளியிட்டனர். எண்ணிக்கை சரியாகத் தெரிந்த பின்னரே எண்ணிக்கையில் நேரும் பிழையைக் காண முடியும் அன்றோ? 1959இல் பாரிஸ் நகரில் மார்த் கோத்தியே, ழெரோம் லெழேன், ரேமோன் துர்ப்பேன் ஆகியோர், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் உயிரணுவில் 47 குரோமோசோம்கள் இருப்பதைக் காட்டினர். 21ஆம் குரோமோசோம் இரண்டிற்குப் பதில் மூன்றாக இருந்தது. மிகையான அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாயின் கருமுட்டையிலிருந்து வந்தது.

இங்கே ஆணுடலுக்கும் பெண்ணுடலுக்கும் உள்ள ஒரு பெரும் வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதக் கருவாக இருக்கையில் அவள் சினைப்பைகளில் 60, 70 இலட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அவை 10 அல்லது 20 இலட்சமாகக் குறையும். பூப்பெய்தும் பருவத்தில் 3, 4 இலட்சமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுவன ஏறத்தாழ 400 மட்டுமே. ஆகவே நாற்பது வயதுத் தாயின் கருமுட்டைக்கும் வயது நாற்பதுக்குச் சற்று மேலாகவே இருக்கும். மற்றொன்றும் கருதத்தக்கது. உங்கள் பாட்டியின் வயிற்றில் உங்கள் தாய் கருவாக இருந்தபோதே, உங்களில் பாதியாகிய அந்த முட்டை அங்கே உருவாகியிருந்தது.

அம்முட்டைக்குள் குரோமோசோம்கள் இணை இணையாகப் பிணைக்கப்பட்ட நிலையில் பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. அவற்றைப் பிணைத்து வைப்பது வளையம் போன்ற ஒருவகைப் புரதம். முட்டை முதிரும் காலத்தில் அப்பிணைப்பு முறையாக அவிழ வேண்டும். இணையில் ஒன்று முட்டையில் தங்க, மற்றொன்று வெளியேற வேண்டும். மாலை தொடுத்த வாழைநாரை எண்ணிப் பாருங்கள். அன்றே எடுத்தால் பூக்கள் வரிசை குலையாமல் இருக்கும். நாட்பட்டால் நார் இற்று, பூக்கள் தாமே நழுவி விழும். அதுபோல ஆண்டுகள் செல்லச் செல்லப் புரதப் பிணைப்பு தளர்கிறது. குரோமோசோம்கள் தம் வரிசை தவறுகின்றன. இரண்டும் ஒரே பக்கம் தங்கிவிடுதலும் உண்டு. இவ்வாறு தவறிய கருக்களில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே கலைந்துவிடும். வயது ஏறக் கருச்சிதைவு மிகுவதற்கு இதுவே தலையாய காரணம். 21ஆம் குரோமோசோம் மிகச் சிறியதாதலின், அது மிகையாக உள்ள கருக்களில் ஒரு பகுதி பிழைத்துப் பிறக்கின்றன.

இனி எண்களைக் காண்போம். தாயின் வயது 25ஆக இருக்கையில் ஏறத்தாழ 1,300 பிறப்புகளில் ஒன்று டவுன் சிண்ட்ரோம் உடையதாக இருக்கும். 30 வயதில் 900 முதல் 1,000 வரையான பிறப்புகளில் ஒன்று. 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று. 40 வயதில் ஏறத்தாழ 100இல் ஒன்று. 45 வயதில் ஏறத்தாழ 30இல் ஒன்று. ஏற்றம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் இதே எண்களைத் திருப்பிப் படியுங்கள். நாற்பது வயதுத் தாயருள் நூற்றுக்கு 99 பேரின் குழந்தைகளுக்கு இக்குறை இல்லை. அச்சமூட்டும் எண்ணும் ஆறுதலளிக்கும் எண்ணும் ஒன்றே. முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று பாதை திடீரென்று பள்ளத்தில் இறங்குவதுமில்லை. கருவிலேயே சோதனை செய்வதை ஒழுங்குபடுத்தும் நம் நாட்டு 1994ஆம் ஆண்டுச் சட்டம், சோதனைக்குரிய காரணங்களுள் ஒன்றாக 35 வயதைக் குறிப்பிடுகிறது. அஃது ஆட்சி முறைக்காக வகுத்த எல்லைக்கோடு. இயற்கை வரைந்த கோடு அன்று.

எனக்கு நேர்ந்த பிழை எது என்பதும் இப்போது விளங்கும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நகரத்தில் ஓராண்டில் 10,000 பெண்கள் பிள்ளை பெறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் 9,600 பேர் 35 வயதிற்குட்பட்டவர். 400 பேர் அதற்கு மேற்பட்டவர். இளையவர்க்கு 1,200இல் ஒன்று எனவும், மூத்தவர்க்கு 200இல் ஒன்று எனவும் கொள்வோம். மூத்தவர்க்கு வாய்ப்பு ஆறு மடங்கு மிகுதி. ஆனால் பிறக்கும் டவுன் குழந்தைகள் எத்தனை? இளைய தாயர்க்கு எட்டு. மூத்த தாயர்க்கு இரண்டு. பத்தில் எட்டுக் குழந்தைகள் இளந்தாயருக்கே பிறக்கின்றன! வாய்ப்பு குறைவாயினும் பிள்ளை பெறுவோர் தொகை பெரிது என்பதே இதன் காரணம். எண்களை நான் கற்பனையாக எடுத்துக்கொண்டேன்; ஆயினும் பெரும்பாலான டவுன் குழந்தைகள் 35 வயதிற்குட்பட்ட தாயருக்குப் பிறப்பது உலகறிந்த உண்மை. "வயது ஏறினால் வாய்ப்பு ஏறும்" என்பது சரி. "இந்தக் குழந்தை இப்படிப் பிறந்தது, ஆகவே தாய்க்கு வயது ஏறியிருக்கும்" என்பது தவறு. முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது. கல்லூரியில் தருக்கம் பயில்வோர் இவ்வெடுத்துக்காட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

தாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தந்தைக்கு இதில் பொறுப்பே இல்லை என்று தோன்றும். உண்மை அவ்வாறு இல்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்னும் மருத்துவர் இருந்தார். ஹார்டி-வைன்பெர்க் விதியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே வைன்பெர்க் இவர். கைகால்கள் குறுகி உடல் குள்ளமாக அமையும் அகான்ட்ரோபிளேசியா என்னும் நிலையுடையோர், உடன்பிறந்தாருள் பின்பிறந்தவர்களாக இருப்பது மிகுதி என்பதை அவர் 1912இல் சுட்டிக் காட்டினார். பென்ரோஸ் 1955இல் தம் பழைய முறையையே இதற்கும் பயன்படுத்தினார். இம்முறை விடை தலைகீழாக அமைந்தது. தாயின் வயதிற்குப் பங்கில்லை. தந்தையின் வயதே காரணம். இக்குறையுடையோரில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் இயல்பான உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்களே. மரபணு ஒன்றில் புதிதாக நேர்ந்த ஒரே ஓர் எழுத்துப் பிழையே இதற்குக் காரணம் என்பது 1994இல் உறுதிப்பட்டது.

தந்தையிடம் பிழை நேரும் வழி வேறு. பெண்ணின் முட்டை காத்திருந்து பழையதாகிறது. ஆணின் விந்தணுவோ ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாகிறது. ஆனால் அதனை உண்டாக்கும் மூல அணுக்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. இருபது வயது ஆணின் விந்தணு ஏறத்தாழ 150 பிரிவுகளைக் கடந்து வந்தது என்றும், நாற்பது வயது ஆணினுடையது ஏறத்தாழ 600 பிரிவுகளைக் கடந்து வந்தது என்றும் கணக்கிட்டிருக்கின்றனர். ஒவ்வொரு பிரிவிலும் 300 கோடி எழுத்துகள் கொண்ட மரபுநூல் முழுதும் படியெடுக்கப்படுகிறது. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏடெழுதுவோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், படிக்குப் படி ஓரிரண்டு எழுத்து மாறும், அதனாற்றான் உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. படிகள் பெருகப் பிழைகளும் பெருகும் என்பது ஓலைக்கும் பொருந்தும், உயிருக்கும் பொருந்தும்.

இக்கருத்தை எண்களால் ஆராய்ந்தோருள் ஜே. பி. எஸ். ஹால்டேன் முதன்மையானவர். அவர் 1957இல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டிற்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். இரத்தம் உறையாமல் பெருகும் ஹீமோபிலியா நோயைப் பற்றி 1947இல் எழுதிய கட்டுரையில், அந்நோய்க்குரிய புதிய பிழைகள் பெண்களைவிட ஆண்களின் உயிரணுக்களிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன என்று அவர் காட்டினார். வரலாற்றில் இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. விக்டோரியா மகாராணியாரின் முன்னோரிடம் ஹீமோபிலியா இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் மகன் லியோபோல்டு அந்நோயால் வருந்தி, 1884இல் தம் முப்பதாம் வயதில் இறந்தார். கொள்ளுப்பேரனான ருஷ்ய இளவரசர் அலெக்சேயும் அந்நோயால் துன்புற்றார். அவர் எலும்புகளை ஆராய்ந்தோர் அஃது எவ்வகை ஹீமோபிலியா என்பதை 2009இல் கண்டறிந்தனர். 1819இல் விக்டோரியா பிறந்தபோது அவர் தந்தை எட்வர்டுக்கு வயது 51. அவருடைய விந்தணுவிலேயே அப்பிழை முதன்முதல் தோன்றியிருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

இன்று முழு மரபுநூலையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஐஸ்லாந்து நாட்டில் தந்தை, தாய், பிள்ளை என மூவர் கொண்ட 78 குடும்பங்களை ஆராய்ந்து, 2012இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தாயிடமிருந்து பிள்ளைக்கு ஏறத்தாழ 15 புதிய எழுத்து மாற்றங்கள் வருகின்றன. இருபது வயதுத் தந்தையிடமிருந்து ஏறத்தாழ 25 வருகின்றன. நாற்பது வயதுத் தந்தையிடமிருந்து ஏறத்தாழ 65 வருகின்றன. தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன. கேட்டவுடன் திடுக்கிட வேண்டா. 300 கோடி எழுத்துகளில் அறுபத்தைந்து என்பது கடலில் சில துளிகள். அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை எத்தீங்கும் செய்யாதவை. ஐம்பது வயதைக் கடந்த தந்தையரின் பிள்ளைகளிடம் சில மனநோய்கள் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. ஆயினும் அத்தகைய பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர்.

வயது ஏறுதலின் இடரை இவ்வளவு நேரம் கூறினேன். நம் நாட்டில் இதனினும் பழையதும் பெரியதுமான இடர் ஒன்று உண்டு. அது வயது நிரம்பாமையின் இடர். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உடல். இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறுவதற்கு முன் அவள் தாயானால், உண்ணும் உணவிற்கு இரண்டு வளரும் உயிர்கள் போட்டியிடுகின்றன. குருதிச்சோகை மிகும், குழந்தை மாதம் நிறைவதற்கு முன் பிறக்க நேரும், இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்த எடையுடன் பிறக்கும். அவ்வாறு பிறந்த பிள்ளை உயரத்திலும் எடையிலும் பின்தங்குவதை நாம் வகுப்பறையிலேயே காண்கிறோம். பிள்ளையின் தோற்றத்தில் பெற்றோர் வயது வெளிப்படையாகத் தடம் பதிப்பது இங்கேதான் என்று கூறலாம்.

இதனை மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நன்கு உணர்ந்திருந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரான அவர், தாம் மருத்துவமனையில் கண்ட துன்பங்களை மனத்திற் கொண்டு, பெண்களின் மணவயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடினார். 1929இல் நிறைவேறி 1930இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்தது. 1978இல் அவை 18, 21 என உயர்ந்தன. 2006ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை மணத்தைத் தடுக்கும் வழிகளை வலுப்படுத்தியது. ஆயினும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 23 பேர் 18 வயதிற்கு முன்னரே மணம் செய்விக்கப்பட்டவர்கள். நாற்பது வயதுத் தாயைக் கண்டு முணுமுணுக்கும் ஊர், பதினாறு வயதுத் தாயின் மணவிழாவில் வயிறார உண்டு வாழ்த்திவிட்டு வருகிறது. இம்முரண்பாட்டை இளைஞர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அழகைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். அதுவே உங்களுள் பலர் கேட்க விரும்பும் பகுதி என்பதை நான் அறிவேன். முதியவரின் பிள்ளைக்கு அழகு குறையுமா? ஆஸ்திரியாவின் வியன்னா நகர ஆய்வாளர் இருவர் 2014இல் அவ்வாறு ஒரு கருத்தை வெளியிட்டனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களின் நிழற்படங்களுக்குப் பிறர் இட்ட மதிப்பெண்களை அவர்கள் ஆராய்ந்தனர். மூத்த தந்தையரின் பிள்ளைகளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் அவ்வேறுபாடு சிறியது. அழகு என்பது முழக்கோலால் அளக்கத்தக்க பொருளும் அன்று. ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், ஒரு சிலர் கண்ணுக்குப் பட்டதை உலகப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது.

உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் வேறுபடுவதற்குப் பெற்றோரின் வயதைக் காட்டிலும் பெரிய காரணம் வேறொன்று இருக்கிறது. தாயும் தந்தையும் தம் 23 இணைக் குரோமோசோம்களில் இணைக்கு ஒன்றாகப் பிள்ளைக்குக் கொடுக்கின்றனர். எதைக் கொடுப்பது என்பது குடவோலைச் சீட்டெடுப்பது போன்றது. இவ்வாறு ஒருவரிடமிருந்தே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 608 வகைச் சேர்க்கைகள் உண்டாகலாம். தலைப்பிள்ளை சிவப்பாகவும் கடைப்பிள்ளை கறுப்பாகவும் இருந்தால், அது சீட்டின் விளைவு. தந்தையின் நரைமுடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இறுதியாக மற்றோர் ஆய்வைக் கூறுகிறேன். இது மேற்கூறியவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல எதிர்த்தட்டு. கீரன் பார்க்லே, மிக்கோ மிர்ஸ்கிலா என்னும் இருவர், சுவீடனில் 1960 முதல் 1991 வரை பிறந்த ஏறத்தாழ 15 இலட்சம் மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டனர். தாயின் பிந்திய வயதில் பிறந்தவர்கள், அவளுடைய இளமையில் பிறந்த உடன்பிறந்தாரைவிட உயரமாகவும், மிகுந்த கல்வி பெற்றவர்களாகவும் இருந்தனர்! எப்படி? அந்த ஆண்டுகளில் நாடு முன்னேறிக்கொண்டிருந்தது. பத்தாண்டு பிந்திப் பிறந்தவனுக்குப் பத்தாண்டு வளர்ச்சியின் பயன் கிட்டியது: மேலான உணவும், மேலான மருத்துவமும், பள்ளிகளில் மிகுதியான இடமும். உயிரணுவின் முதுமை ஒரு கையால் எடுத்ததைக் காலத்தின் முன்னேற்றம் மறு கையால் பன்மடங்காகக் கொடுத்தது.

ஆகவே நீங்கள் மனத்தில் நிறுத்த வேண்டியவை மூன்று. பிள்ளைப்பேற்றிற்கு இயற்கையில் ஒரு பருவம் உண்டு. மிக முந்துவதிலும் மிகப் பிந்துவதிலும் இடர் உண்டு. இது தாய்க்கும் உரியது, தந்தைக்கும் உரியது. நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்னும் எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவன. நம் எதிரில் நிற்கும் ஒருவரைப் பற்றி அவை தீர்ப்புக் கூறமாட்டா. பிறப்பில் அமைந்தது எதுவாயினும், பிறந்த பின் நாம் செய்வதற்கு நிறைய இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சராசரி ஆயுள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ பத்தாண்டுகளே. இன்று முன்னேறிய நாடுகளில் அஃது ஏறத்தாழ 60 ஆண்டுகள். அவர்களுடைய குரோமோசோம்கள் மாறவில்லை. நெஞ்சக நோய்க்கு அறுவை மருத்துவம் வந்தது. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் வந்தன. பள்ளிக் கதவுகள் திறந்தன.

அந்தச் சிறுவனை நாங்கள் பள்ளியில் சேர்த்துக்கொண்டோம். கணக்கு அவனுக்கு வரவில்லை. தன் பெயரையும் தாயின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதக் கற்றான். இரண்டாம் ஆண்டிலிருந்து பள்ளி மணியடிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தோம். கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. அதன் பின் ஒரு நாளும் அவன் மணி தவறியதில்லை. ஆண்டு விழாவிற்கு வந்திருந்த அவன் தாயாரிடம், அன்று நான் கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அன்றே மறந்துவிட்டேன், ஐயா" என்றார் அவர். மறந்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நானும் மறக்கவில்லை, ஆதலால்தான் இன்று உங்களுக்குக் கூறினேன்.